பிர்சா முண்டா

பிர்சா முண்டா (நவம்பர் 15, 1875 - ஜூன் 9, 1900) சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்தில் வாழ்ந்த முண்டா பழங்குடியினரின் சமயத் தலைவரும் ஆங்கில அரசை எதிர்த்துப் போராடியவரும் ஆவார். இவரைப் பின்பற்றியவர்கள் பிர்சாயிகள் எனப்பட்டனர். இவர்கள் இவரைத் 'தர்த்தி ஆபா', அதாவது நிலத்தின் தந்தை, என்று அழைத்தனர்.

இளமைக்காலம்

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் குந்தி மாவட்டத்திலுள்ள உலிஹாத்து இவர் பிறந்த ஊராகக் கருதப்படுகிறது. சாய்பாசாவிலிருந்த செருமானிய லூத்தரன் மறைப்பணிப் பள்ளியில் பயின்றார். பின்னர் கிறித்தவ சமயத்தை விட்டு விலகினார். சிறிது காலம் வைணவத் தாக்கத்துக்கும் உட்பட்டிருந்தார்.

நிலச்சிக்கல்

காட்டைத் திருத்திய குடும்பத்தாரின் வழியினர் நிலத்தைக் கூட்டாக உடைமை கொள்வது முண்டாக்களின் மரபாகும். இம்முறை குந்த்கட்டி எனப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் வெளியிலிருந்து வந்த நிலக்கிழார்களும் வட்டிக்காரர்களும் இந்நிலங்களைக் கைப்பற்றினர். முண்டாக்கள் இவர்களைத் 'திக்கு' என்றனர். நிலமிழந்தோர் கூலியின்றி உழைக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டனர்.

சமய இயக்கம்

1895இல் பிர்சா தம்மை இறைத்தூதர் என அறிவித்தார். சிங்போங்கா என்னும் ஒரே கடவுளை வணங்கவும், உயிர்ப்பலியையும் மதுவையும் கைவிடவும் போதித்தார். இவரைக் காணச் சல்கட் என்னும் சிற்றூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டதால் அரசு அச்சமுற்றது. முதலில் சென்ற காவலர்களை மக்கள் விரட்டியடித்தனர். ஆகஸ்ட் மாதம் இரவு வேளையில் பிர்சா கைது செய்யப்பட்டு, ஈராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

ஆயுதக் கிளர்ச்சி

விடுதலைக்குப் பின் இயக்கம் ஆயுதப் போராட்டமாக மாறியது. இக்கிளர்ச்சி உல்குலான் எனப்பட்டது. பகைவரின் துப்பாக்கிக் குண்டுகள் நீராகிவிடும் என்ற நம்பிக்கை பின்பற்றியோரிடையே பரவியது. 1899 டிசம்பர் 24 அன்று பல இடங்களில் தேவாலயங்கள் மீது அம்புகள் எய்யப்பட்டன. 1900 ஜனவரியில் குந்தி காவல் நிலையம் தாக்கப்பட்டது. காவலர்களும் கொல்லப்பட்டனர்.

ஜனவரி 9 அன்று சைல் ரகப் குன்றில் கூடியிருந்த முண்டாக்களைப் படையினர் சூழ்ந்தனர். சரணடைய மறுத்து வில்லும் கல்லும் கொண்டு எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. இறந்தோரில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். அரசு கூறிய எண்ணிக்கைக்கும் மக்கள் கூறிய எண்ணிக்கைக்கும் பெரும் வேறுபாடு உண்டு.

கைதும் இறப்பும்

தப்பியிருந்த பிர்சாவைப் பிடிக்க 500 ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 3 அன்று சக்கரதர்பூர்க் காட்டில் உறங்கும்போது இவர் பிடிபட்டார். விசாரணை முடியுமுன்பே ராஞ்சிச் சிறையில் தமது 24ஆம் அகவையில் இறந்தார். வாந்திபேதியே காரணம் என அரசு அறிவித்தது. பின்பற்றியோருள் சிலர் தூக்கிலிடப்பட்டனர். பலர் நாடு கடத்தப்பட்டனர்.

விளைவுகள்

கிளர்ச்சி ஒடுக்கப்பட்டாலும், நிலக்குறையைத் தீர்க்காமல் அமைதி நிலைக்காது என்பதை அரசு உணர்ந்தது. 1902 முதல் நில அளவை நடத்தப்பட்டது. 1908இல் இயற்றப்பட்ட சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் குந்த்கட்டி உரிமையை ஏற்று, பழங்குடியினர் நிலம் பிறர் கைக்கு மாறுவதைக் கட்டுப்படுத்தியது. இவ்வாறு, குன்றின் மீது துப்பாக்கியால் மறுக்கப்பட்ட கோரிக்கையின் ஒரு பகுதி எட்டாண்டுகளில் சட்டமாயிற்று. ஜார்க்கண்டில் இச்சட்டத்தைத் திருத்த 2016இல் கொண்டுவரப்பட்ட மசோதா, பழங்குடியினரின் எதிர்ப்பால் 2017இல் கைவிடப்பட்டது.

நினைவு

ஜார்க்கண்ட் மாநிலம் 2000ஆம் ஆண்டு இவரது பிறந்த நாளன்று உருவாக்கப்பட்டது. நாடாளுமன்ற மைய மண்டபத்தில் இவரது உருவப்படம் இடம்பெற்றுள்ளது. 2021 முதல் நவம்பர் 15 பழங்குடியினர் பெருமை நாளாகக் கொண்டாடப்படுகிறது.