சொல்லை எதிர்த்த பண்டிதர்

ஆங்கிலேயரின் வசைமொழிக்கும் ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் இறைவன் பெயரை வீணில் இழுப்பதே அவர்களிடையே பெரும் பழிச்சொல்லாக இருந்தது. பின்னர் உடலைப் பற்றிய சொற்கள் சபையில் சொல்லத் தகாதவை ஆயின. இன்றோ ஓர் இனத்தாரை இழித்துரைக்கும் சொல்லே யாவற்றிலும் கொடியதாக எண்ணப்படுகிறது. ஆயினும் ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும் ‘பரையா’ என்ற சொல் அம்மொழியில் இன்றும் கூச்சமின்றி வழங்குகிறது. அது பதினேழாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கப்பலேறிய சொல். இங்கே ஒரு சமூகத்தாரின் பெயராக இருந்தது, அங்கே தெருநாய்க்கும் அடைமொழியாயிற்று! அந்த இழிவை எதிர்த்து நம் நீலகிரியிலிருந்தே ஒரு குரல் எழுந்தது. அக்குரலுக்கு உரியவர் அயோத்திதாச பண்டிதர்.

1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். ஆசிரியர் மீது கொண்ட பற்றால் அவர் பெயரையே தம் பெயராக ஏற்றார். பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையின் வீட்டில் பட்லராக வேலை பார்த்தவர். அவர் வைத்திருந்த திருக்குறள் சுவடி துரை வழியாக எல்லிஸ் கைக்குச் சென்றது என்பது பண்டிதரே எழுதி வைத்த செய்தி. தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலமும் கற்ற பண்டிதர், சித்த மருத்துவத்தால் வாழ்க்கை நடத்தினார். இளமையை நீலகிரியில் கழித்து, 1870களில் இங்கேயே அத்வைதானந்த சபையை நிறுவினார்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். கல்வி, வேலை, நிலம் ஆகியவற்றுக்கான கோரிக்கைகளோடு, சாதிப் பெயரால் இழிவுபடுத்துவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையும் அங்கே எழுந்தது. வயிற்றுப் பசிக்கு நிகராக வசைச்சொல்லையும் அவர் எண்ணினார் என்பதை நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன் வேறு வழியில் சென்றார். 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டு, பழித்த பெயரையே கொடியாக உயர்த்தினார். பண்டிதருக்கு அதில் உடன்பாடில்லை. தம் மக்கள் பழம்பெரும் பௌத்தர்கள் என்றும், அப்பெயர் பகைவர் சுமத்தியது என்றும் அவர் வாதிட்டார். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, 1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் மறையும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். பெயரை ஏற்று நிமிர்வதா, பெயரையே மறுப்பதா? வழிகள் இரண்டு; வேண்டியதோ ஒரே மதிப்பு!

எம்.சி. ராஜா முயற்சியால் 1922இல் சென்னை அரசு அப்பெயரை நீக்கி, ‘ஆதிதிராவிடர்’ என்பதை ஏற்றது. பொதுவில் இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கிய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல்தான் வந்தது. உதகைக் கோரிக்கைக்கு அப்போது 98 வயது! சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாகவே 2015ஆம் ஆண்டுத் திருத்தம் குறித்தது.

ஜெகதளாவிலிருந்து உதகை ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான். என் பாட்டி தேயிலை பறித்த தோட்டத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் எந்தச் சொல் எந்த நாளில் யார் வாயிலிருந்து வந்தது என்பதை இன்றும் மறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். நண்பர்களே, விளையாட்டுக்குக்கூட ஒருவரைச் சாதி சொல்லி அழைக்காத நா நமக்கு வாய்க்குமானால், அதுவே நாம் பெறும் முதல் பட்டம்.