சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்



நம் திருப்பூர் பனியன் கம்பெனிகளைப் பார்த்திருப்பீர்கள். கட்டிங் மாஸ்டர் மேஜை அருகே நின்றுகொண்டு துணி வெட்டுவார். டெய்லர்கள் மெஷின் முன்னால் உட்கார்ந்து தைப்பார்கள். ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள்? பெரும்பாலும் மணிக்கணக்கில் நின்றபடியேதான் வேலை செய்வார்கள். அப்படியானால், நிற்கவே முடியாத ஒருவர் ஆபரேஷன் செய்ய முடியுமா?

செய்தார் ஒருவர்! அவர்தான் டாக்டர் மேரி வர்கீஸ்.

கேரளத்தில் கொச்சிக்கு அருகே உள்ள செராய் என்ற ஊரில் 1925-ம் ஆண்டு பிறந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். அங்கேயே பணியிலும் சேர்ந்தார்.

1954-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு விடுமுறை நாள். தோழர், தோழியரான டாக்டர்களுடன் காரில் உல்லாசப் பயணம் கிளம்பினார். வழியில் கார் விபத்துக்குள்ளானது. மேரிக்கு முகத்தில் பெரிய காயம். அதைவிடப் பெரிய காயம் முதுகெலும்பில்!

உங்கள் முதுகின் நடுவே விரலால் தடவிப் பாருங்கள். மணிகளைக் கோத்ததுபோல எலும்புகள் வரிசையாக இருக்கின்றன அல்லவா? அவற்றுக்குள்ளே பத்திரமாகச் செல்வதுதான் தண்டுவடம். காலை அசை, கையைத் தூக்கு என்று மூளை இடும் கட்டளைகள் அதன் வழியாகத்தான் போகின்றன. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பழுதானால் கை, கால் இரண்டுமே செயலிழக்கலாம். மேரிக்கு அதற்குக் கீழே அடிபட்டிருந்தது. கைகள் தப்பின. ஆனால் கால்களில் அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அவர் மீண்டும் நடக்கவே இல்லை.

அப்போது அவருக்கு வயது 28. பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். இனி நான் எதற்குப் பயன்படுவேன் என்று கலங்கினார்.

அந்த நேரத்தில் வழி காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோய் நரம்புகளைக் கெடுப்பதால் சிலருக்கு விரல்கள் மடங்கி, கை பயனற்றுப் போய்விடும். நல்ல நிலையில் உள்ள ஒரு தசைநாரை எடுத்து, செயலிழந்த விரலுடன் இணைத்து, அதை மீண்டும் இயங்கச் செய்பவர் பிராண்ட். கையில் செய்யும் ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டும் செய்யலாமே! அதைக் கற்றுக்கொள்ளும்படி மேரியை ஊக்கப்படுத்தினார்.

மேரி கற்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே ஆபரேஷன் செய்யத் தொடங்கினார். கால்கள் இயங்காத டாக்டர், கைகள் இயங்காத நோயாளிகளுக்குக் கைகளைத் திருப்பித் தந்தார்!

அதோடு அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த் நகருக்குச் சென்று சிகிச்சையும் பயிற்சியும் பெற்றார். பிறர் உதவியை எதிர்பார்க்காமல் தன் வேலைகளைத் தானே செய்யப் பழகினார். பிறகு அமெரிக்காவின் நியூயார்க் நகரில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். உடல் இயக்கத்தை இழந்தவர்கள் எழுந்து உட்காரவும், உடுத்தவும், உண்ணவும், தொழில் செய்து பிழைக்கவும் பழக்குகிற மருத்துவம் இது.

படித்து முடித்ததும் வேலூருக்கே திரும்பினார். 1963-ல் அங்கு மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவரானார். 1966-ல், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மரத்திலிருந்து விழுந்தும், விபத்தில் சிக்கியும் முதுகு உடைந்தவர்கள் அங்கே வந்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து வந்தவர்கள், தங்களைப் போலவே சக்கர நாற்காலியில் வரும் டாக்டரைப் பார்த்தார்கள். அதைவிடச் சிறந்த மருந்து வேறு உண்டா?

1972-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-ல் அவர் மறைந்தார். அவர் வளர்த்த துறை வேலூரில் இன்றும் பணியாற்றி வருகிறது.

குழந்தைகளே, இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். விபத்தில் கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைப் பதற்றத்தில் இழுத்துத் தூக்கக் கூடாது. அசைக்காமல் வைத்து 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் நடக்க முடியாத நண்பர் இருந்தால், அவரால் என்ன முடியாது என்று பார்க்காதீர்கள். என்ன முடியும் என்று பாருங்கள். மேரி வர்கீஸ் தன்னைப் பார்த்ததும் அப்படித்தான்!