சில்லறைக் காசில் பாங்கு கட்டிய மேகி அம்மா

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். எங்க குழுவில் தீர்மான நோட்டு எழுதுகிற பழக்கம் மட்டும்தான் உண்டு, கட்டுரை எழுதினது இல்லை. மலருக்கு ஏதாவது எழுதிக் குடுன்னு தலைவி அக்கா கேட்டப்போ, ஒரு பயிற்சியில் கேட்ட அம்மாவின் கதைதான் ஞாபகத்துக்கு வந்தது. பேர் மேகி லீனா வாக்கர். ஊர் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட். இறந்து 90 வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அவர் செய்த வேலை நாம் மாசாமாசம் செய்கிற வேலைதான். என் மகளை விட்டுத் தேடிப் படிக்கச் சொல்லி, கேட்டுக் கேட்டு எழுதினேன்.

மேகி அம்மா பிறந்தது 1864-இல். அப்போது அந்த நாட்டில் கறுப்பின மக்களை ஆடுமாடு மாதிரி விலைக்கு வாங்கி விற்ற காலம் முடிகிற நேரம். அவருடைய அம்மா எலிசபெத் அப்படி அடிமையாக இருந்தவர். பிறகு ஒரு பெரிய வீட்டில் சமையல்கட்டில் வேலை பார்த்தார். மேகிக்கு 12 வயது இருக்கும்போது, வளர்த்த அப்பா ஆற்றில் பிணமாகக் கிடந்தார். அதற்கப்புறம் குடும்பத்துக்கு வழி என்ன? அம்மா ஊரார் துணிகளை வெளுத்துக் கொடுத்தார். துணிக்கூடையைச் சுமந்துபோய் வீடுவீடாகக் கொடுத்துவிட்டு வந்தது மேகிதான். இந்த வயசில் நம்ம பிள்ளைகள் ஏழாம் வகுப்பு படிக்கும்.

அந்தக் கஷ்டத்திலும் பள்ளிக்கூடத்தை விடவில்லை. 1883-இல் படிப்பை முடித்து டீச்சர் ஆனார். 1886-இல் ஆர்ம்ஸ்டெட் வாக்கர் என்பவரைக் கட்டிக்கொண்டார். கல்யாணம் ஆன பெண் டீச்சராக இருக்கக் கூடாது என்பது அந்தக் காலத்து விதி. வேலை போனது.

வேலை போனாலும் சங்கம் போகவில்லை. சிறுவயதிலேயே அவர் செயின்ட் லூக் என்ற சங்கத்தில் சேர்ந்திருந்தார். மேரி பிரவுட் என்ற கறுப்பினப் பெண் பால்டிமோரில் தொடங்கிவைத்த சங்கம் அது. உறுப்பினர் சந்தா கட்டுவார்கள். நோயில் படுத்தால் உதவி கிடைக்கும், செத்தால் அடக்கச் செலவுக்குப் பணம் கிடைக்கும். 1899-இல் மேகி அம்மா அதற்குச் செயலாளர் ஆனபோது கையிருப்பு 31 டாலர் 61 சென்ட். கட்ட வேண்டிய பாக்கியோ 400 டாலர். முன்னாடி இருந்தவர், இது தேறாது என்று விட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் வாங்கினதில் மூணில் ஒரு பங்கு சம்பளத்துக்கு இந்த அம்மா பொறுப்பை எடுத்தார். ஊர் ஊராகப் போய்ப் பேசி ஆள் சேர்த்தார். ஆயிரம் பேர் அளவில் இருந்த சங்கம் பின்னாளில் லட்சம் பேரைத் தொட்டது.

இங்கே அன்றைய அமெரிக்கா எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். நாடு வேகமாகப் பணக்கார நாடாகிக்கொண்டிருந்த காலம். ரயில், எண்ணெய், இரும்பு என்று தொழில் பெருகியது. 1901-இல் அங்கே ஒரே ஒரு எஃகு கம்பெனி நூறு கோடி டாலருக்கு மேல் முதலோடு தொடங்கப்பட்டது. ஆனால் அந்தச் செல்வம் எல்லார் வீட்டு வாசலுக்கும் வரவில்லை. ரிச்மண்டில் கறுப்பினப் பெண்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் துணி வெளுப்பது, வீட்டு வேலை, புகையிலை ஆலையில் காம்பு கிழிப்பது. கடையில் நின்று விற்கிற வேலைகூடக் கிடைக்காது. 1902-இல் புதுச் சட்டம் போட்டு, ஓட்டுப் போட வரி கட்டணும், சோதனையில் தேறணும் என்று சொல்லி, பெரும்பாலான கறுப்பின ஆண்களின் ஓட்டையும் பறித்துவிட்டார்கள். பெண்களுக்கு அப்போது ஓட்டே கிடையாது.

மேகி அம்மா பார்த்தார். நம்ம காசைக் கொண்டுபோய் நம்மை மதிக்காதவர்களிடம் போடுகிறோம், அவர்கள் அதை நமக்குக் கடனாகக்கூடத் தருவதில்லை. காசு நம்ம கைக்குள்ளேயே சுற்றினால் என்ன? பாங்கு தொடங்குவது என்று முடிவு செய்தார். ஆசை மட்டும் போதாது, கணக்குத் தெரியணும். அதனால் ஊரில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் பாங்கில் சில மாதம் தினமும் சில மணி நேரம் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டார். 1903 நவம்பர் 2-ஆம் தேதி செயின்ட் லூக் பென்னி சேமிப்பு பாங்கு திறந்தது. பென்னி என்றால் அங்கே ஒரு சென்ட், நம்ம ஊர் பைசா மாதிரி. முதல் நாளே 300 பேருக்குக் கொஞ்சம் குறைவாக வந்து 8,000 டாலருக்கு மேல் போட்டார்கள். அதில் ஒருவர் போட்டது வெறும் 31 சென்ட். அவருக்கும் கணக்குத் திறந்தார்கள். அமெரிக்காவிலேயே பாங்கு தொடங்கி அதற்குத் தலைவரான முதல் கறுப்பினப் பெண் மேகி அம்மாதான். அப்படிச் சேர்ந்த சில்லறையை வைத்துத்தான் 1920-களுக்குள் சுமார் 600 குடும்பம் வீடு வாங்கப் பாங்கு கடன் கொடுத்தது.

எல்லாமே ஜெயித்தது என்று எழுதினால் அது பொய். 1904-இல் டிராம் வண்டியில் கறுப்பினத்தவர் தனியாகத்தான் உட்காரணும் என்றபோது, ஏறாதீர்கள், நடந்து போவோம் என்று சொன்னவர்களில் இவரும் ஒருவர். கம்பெனி அந்த வருஷமே நொடித்தது. ஆனால் தனி இருக்கைச் சட்டம் போகவில்லை. 1905-இல் ஜவுளி, சாமான் விற்கிற பெரிய கடை ஒன்றைத் திறந்து, கறுப்பினப் பெண்களை விற்பனைக்கு நிறுத்தினார். மற்ற வியாபாரிகள் சேர்ந்து நெருக்கினார்கள். நம்ம சனங்களும் போதுமான அளவு வந்து வாங்கவில்லை. சில வருஷத்தில் கடையை மூட வேண்டி வந்தது.

வீட்டிலும் பெரிய அடி. 1915-இல் மூத்த மகன், திருடன் என்று நினைத்துத் தன் அப்பாவையே சுட்டுவிட்டான். வழக்கு நடந்து விடுதலை ஆனான். ஆனால் 1923-இல் அவனும் போய்விட்டான். பின்னாளில் கால் நடக்க முடியாமல் சக்கர நாற்காலிக்கு வந்தார். அதிலிருந்தபடியே வேலைக்குப் போனார். 1929-இல் தொடங்கிய பெரிய பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பாங்குகள் மூடின. இவர் பாங்கு ரிச்மண்டில் இருந்த வேறு இரண்டு கறுப்பினத்தவர் பாங்குகளோடு சேர்ந்து ஒன்றாகி, தப்பித்து நின்றது. 1934 டிசம்பர் 15-இல் மேகி அம்மா இறந்தார். அவர் வீடு இன்று அரசு காக்கிற நினைவிடம். 2017-இல் ஊர் நடுவில் சிலையும் வைத்தார்கள்.

இனி என் விஷயம். போன வருஷம் எங்க குழுவில் மாசச் சேமிப்பை 200-இலிருந்து 500 ஆக்கினோம். சேமிப்பு கூடினால் பெரிய கடன் எடுக்கலாம் என்பது எங்கள் நியாயம். ஒரு அக்காவால் முடியவில்லை. வீட்டுக்காரர் படுக்கையில், நூறு நாள் வேலைதான் அவங்களுக்கு வருமானம். மூணு மாசம் கட்டாததும் அவங்களை நீக்கித் தீர்மானம் போட்டோம். எழுதினது என் கை. அன்றைக்கு எனக்கு அது தப்பாகத் தோணவில்லை.

31 சென்ட் போட்ட அந்த ஆளைப் பற்றிக் கேட்ட நாளிலிருந்து அந்தப் பக்கம் என்னை விடவில்லை. வளர்ந்த நாட்டில் வளராமல் விடப்பட்டவங்களுக்காக அந்த அம்மா பாங்கு கட்டினார். நாங்களோ கொஞ்சம் வளர்ந்ததும் எங்களில் இளைத்தவரை வெளியே அனுப்பினோம். போன கூட்டத்தில் இதை எழுந்து சொன்னேன். சண்டை வந்தது. ஒழுங்காகக் கட்டுகிற நாங்க ஏமாளியான்னு ரெண்டு பேர் கேட்டாங்க. அதுவும் நியாயமான கேள்விதான். கடைசியில், முடியாதவங்க 100 ரூபாய் கட்டலாம், கடனும் அதற்குத் தக்கபடிதான் என்று புதுத் தீர்மானம் எழுதினோம்.

அன்று சாயங்காலமே நான் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். டீ போட்டுக் குடுத்தாங்க. யோசிச்சுச் சொல்றேன்னாங்க. நோட்டில் அவங்க பேருக்கு ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்.