ஹண்டேலும் உயிர்த்த ஞாயிறும்

மெசியா என்னும் இசைக்காவியத்தைக் கேட்டதும் இக்காலத்தார் நத்தாரையே நினைப்பர். அதனை ஆக்கிய ஜோர்ஜ் பிரெடெரிக் ஹண்டேலின் வாழ்விலோ உயிர்த்த ஞாயிறே பெரிதும் இடம்பெற்றது.

ஹண்டேல் 1685ஆம் ஆண்டு யேர்மனியிலே ஹல்லே நகரிற் பிறந்தார். சத்திர வைத்தியராயிருந்த தந்தையார், மைந்தன் சட்டம் பயிலவேண்டுமென விரும்பினார். அவ்விருப்பம் ஈடேறவில்லை. இளமையிலேயே இசையை நாடி இத்தாலி சென்ற ஹண்டேல், 1708 ஏப்ரல் 8ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, உரோமாபுரியில் ருஸ்போலிப் பிரபுவின் மாளிகையிலே ஆண்டவரின் உயிர்ப்பைப் பொருளாகக் கொண்ட இசைக்காவியமொன்றை அரங்கேற்றினார். அப்போது அவருக்கு வயது 23. வயலின் வித்துவான் கொரெல்லி வாத்தியக் குழுவை நடத்தினார். மகதலேன் மரியாளின் பகுதியைப் பெண்ணொருத்தி பாடியதற்காகப் பாப்பரசர் பதினோராம் கிளெமென்ற் பிரபுவைக் கண்டித்தார். மறுநாள் ஆடவர் ஒருவரே பாட நேர்ந்தது. உயிர்த்த ஆண்டவரை முதலிற் கண்டவள் அம்மகதலேன் மரியாளே என்பதை எண்ணும்போது, இக்கண்டனம் நமக்கு வியப்பளிக்கின்றது.

பின்னர் இலண்டனில் வாழ்ந்து, இசைநாடகங்களாற் பொருளீட்டினார், இழக்கவுஞ் செய்தார். 1737இல் வாதநோய் வலக்கையை முடக்கியது. அதினின்றும் மீண்டார். முன்கோபியும் உணவிற் பெருவிருப்பினருமாகிய அவரைத் துறவியென எவருங் கருதியிரார். அவரே 1741இல், ஆகஸ்ட் 22 தொடக்கம் செப்ரெம்பர் 14 வரையுள்ள 24 நாள்களில், வேதாகம வாக்கியங்களைக் கொண்டு ஜென்னென்ஸ் என்பார் தொகுத்தளித்த பாடத்துக்கு இசையமைத்து மெசியாவை முடித்தார்.

அதன் அரங்கேற்றம் 1742 ஏப்ரல் 13ஆந் திகதி, உயிர்த்த ஞாயிற்றுக்கு ஐந்து நாள் முன்னதாக, அயர்லாந்தின் டப்ளின் நகரில் நிகழ்ந்தது. மண்டபத்தில் இடம் போதாதென்று அஞ்சி, மகளிர் வளையமிட்ட அகன்ற பாவாடை அணியாதும் ஆடவர் உடைவாள் தரியாதும் வருமாறு வேண்டப்பட்டனர். ஏறத்தாழ 700 பேர் திரண்டனர். சேர்ந்த பணம் இரு வைத்தியசாலைகளுக்கும், கடனிறுக்க இயலாது சிறையிருந்தோரின் விடுதலைக்கும் பகிரப்பட்டது. அப்பணத்தால் 142 பேர் சிறை நீங்கினர் என்பர். அவர்கள் சிறையினின்று மீண்டதை எண்ணுந்தோறும், அவ்விசையின் பயன் இதுவன்றோ என நெஞ்சம் நெகிழ்கின்றது. ஆயினும் மறுவருடம் இலண்டனில் அதனைப் பாடியபோது, வேதவாக்கியங்களை நாடகசாலையிற் பாடுவதோ எனச் சிலர் முறையிட்டனர்.

கைவிடப்பட்ட குழந்தைகளைப் பேணத் தோமஸ் கோரம் என்னும் மாலுமி இலண்டனில் நிறுவிய இல்லத்துக்கு ஹண்டேல் ஓர்கன் ஒன்றை அன்பளித்தார். 1750 மே மாதம் முதலாந் திகதி அவ்வில்லத்தின் ஆலயத்திலே மெசியாவைப் பாடுவித்தார். இடமின்றித் திரும்பியோர் பலராதலின், அதே மாதம் மீண்டும் நடாத்த வேண்டியதாயிற்று. அதன்பின் ஆண்டுதோறும் நிகழ்ந்த அக்கச்சேரிகளால் ஏறத்தாழ 7,000 பவுண் அவ்வில்லத்தைச் சேர்ந்தது.

1751இல் இடக்கண் ஒளி மங்கத் தொடங்கி, சில காலத்தில் இரு கண்களும் இருண்டன. சத்திர சிகிச்சைகள் பயன்தரவில்லை. குருடராகியும் ஓர்கன் வாசிப்பதை விட்டாரல்லர். தம் இறுதி ஆண்டுகளிற் புனித ஜோர்ஜ் ஆலயத்துக்குத் தவறாது சென்று முழந்தாட்படியிட்டுச் செபித்தார். அச்செபத்துக்கு வாத்தியமும் இல்லை, அவையும் இல்லை.

1759 ஏப்ரல் 6ஆந் திகதி மெசியாவைக் கடைமுறையாகக் கேட்டு, வீடு திரும்பிப் பாயிற் கிடந்தார். தம் ஆண்டவர் உயிர்த்த நாளில் அவரைச் சந்திக்கும் நம்பிக்கையுடன், பெரிய வெள்ளியன்று உயிர்துறக்க விரும்பினார் என அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். அவ்வெள்ளி கழிந்தது. மறுநாட் காலை, உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை, அவர் ஆவி பிரிந்தது. மெசியாவின் பிரதியொன்றை அக்குழந்தைகளின் இல்லத்துக்கு மரண சாதனத்தில் எழுதிவைத்திருந்தார். மே 3ஆந் திகதி, அவரில்லாமலே, அங்கு அது பாடப்பெற்றது.