யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு தேடிய ஆறுமுகம்

குடாநாட்டில் ஆறு கிடையாது. தொண்டைமானாறு, வழுக்கையாறு, உப்பாறு என்று பெயர்கள் உண்டு. ஆண்டு முழுவதும் நன்னீர் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. நாம் துலாவால் இறைத்ததும், இன்று மோட்டரால் இறைப்பதும் அந்த மிதக்கும் நீரைத்தான். அதன் மட்டம் ஓர் அடி இறங்கினால் கீழிருக்கும் உப்புநீர் ஏறத்தாழ 40 அடி மேலேறிவிடும். கிணறு சவராகிப் போவது இப்படித்தான்.

இந்தக் கணக்கை நன்கறிந்தவர் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் உயர்பதவி வகித்தவர். இலங்கையின் நீர்வளம் பற்றி 1969இல் அவர் எழுதிய நூல் குளங்களையும் ஆறுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறது. 1954இல் அவர் முன்வைத்த திட்டமே அவர் பெயரை நம்மிடையே நிலைக்க வைத்தது.

களப்புகளை நன்னீராக்கும் எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. ஒல்லாந்தர் காலத்திலும் பேசப்பட்டது. ஆங்கிலேய அரசாங்க அதிபர் துவைனம் காலத்திலும் பேசப்பட்டது. தொண்டைமானாற்றில் கடல்நீரைத் தடுக்கும் கதவணை 1953இல் முடிந்தது. உப்பாற்றுக்கு அரியாலையில் இன்னொன்று வந்தது. ஆனால் குடாநாட்டு மழை மட்டும் அந்தக் களப்புகளின் உப்பைக் கழுவப் போதாது. வன்னியிலிருந்து நீர் வரவேண்டும் என்றார் ஆறுமுகம்.

கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பி, மிச்சத்தை ஆனையிறவுக் களப்பில் கொட்டுகிறது. அது சுண்டிக்குளத்தால் கடலுக்குப் போகிறது. சுண்டிக்குளத்தில் அணை கட்டி, மேற்கே ஆனையிறவுப் பாலத்தின் கண்களை அடைத்துவிட்டால் களப்பே நன்னீர் ஏரியாகும். அங்கிருந்து முள்ளியான் ஊடாக ஏறத்தாழ 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டினால், நீர் வடமராட்சிக் களப்புக்கும் அதன்வழி உப்பாற்றுக்கும் போகும். கிணறுகள் தாமாகவே ஊறும். ஆற்றை வெட்டாமலே ஓர் ஆறு.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். இரணைமடு விவசாயியின் வாய்க்காலில் அவர் கைவைக்கவில்லை. வான் பாய்ந்து கடலில் விழும் நீரைத்தான் கேட்டார். போருக்குப் பின் இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுபோகும் பேச்சு வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். சிறுபோகத்துக்கே நீர் போதாத குளம் அது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. வன்னியையும் குடாநாட்டையும் மோதவிட்ட அந்த நாட்களில் ஆறுமுகத்தின் வரைபடத்தை மறுபடி விரித்துப் பார்த்தவர்கள் பலர்.

வேலை தொடங்கியது உண்மை. ஆனையிறவிலும் சுண்டிக்குளத்திலும் தடுப்புகள் எழுந்தன. முள்ளியான் வாய்க்கால் முடியுமுன் பணம் நின்றது; பின்னர் வெள்ளம் சுண்டிக்குளம் அணையை உடைத்தது. கதவணைகளின் பலகைகள் உக்கின. அதன்பின் போர். ஆனையிறவு என்றால் 1991, 2000 என்ற ஆண்டுகளே நினைவுக்கு வருமளவுக்கு அந்தக் களப்பின் கரை மாறிப்போனது. வாய்க்காலைப் பற்றி யார் கேட்பார்?

திட்டத்தில் குறையே இல்லை என்பதற்கில்லை. இறால் பிடிப்பவர்களின் பாடு என்ன, சுண்டிக்குளத்துக்கு வரும் பறவைகள் என்னாகும் என்ற கேள்விகள் அக்காலத்தில் இவ்வளவு உரத்து எழவில்லை. இன்று கேட்காமல் தொடங்க முடியாது.

ஓய்வுக்குப் பிறகு ஆறுமுகம் கோயில்களின் பக்கம் திரும்பினார். இலங்கையின் பழைய இந்துக் கோயில்களைப் பற்றி நூல்கள் எழுதினார். இலங்கைத் தமிழரின் வாழ்க்கை வரலாற்று அகராதி ஒன்றையும் முதுமையில் தொகுத்தார். ஊர் குலைந்துகொண்டிருந்த காலத்தில், யார் யார் இருந்தார்கள் என்று பெயர் பெயராக எழுதிவைத்த வேலை அது. நீர்க் கணக்கு எழுதிய அதே கை. போர் முடிவதை அவர் காணவில்லை.

வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. முள்ளியான் அங்கிருந்து தூரமில்லை. மாரியில் இரணைமடு வான் பாயும்போது, நீர் இன்னமும் சுண்டிக்குளத்தால்தான் கடலுக்குப் போகிறது.