காளி அன்னையின் ஐரிஷ் மகள்

1899-ஆம் ஆண்டு பிப்ரவரி 13. கல்கத்தா கல்லூரித் தெருவிலுள்ள ஆல்பர்ட் ஹாலில் (இன்று காபி ஹவுஸாக இயங்கும் அதே கட்டடம்தான்) முப்பத்தொரு வயது ஐரிஷ் பெண்மணி ஒருவர் சொற்பொழிவாற்றினார். பொருள், காளி வழிபாடு. ஆங்கிலக் கல்வி பெற்ற வங்காளிகள் பலர் அந்நாளில் பொது மேடையில் எடுக்கக் கூசிய பொருள் அது. மண்டையோட்டு மாலையும் நீட்டிய நாக்குமாக நிற்கும் தெய்வத்தை மிஷனரிகள் இகழ்ந்தனர். பிரம்ம சமாஜத்தாரும் உருவ வழிபாட்டை ஏற்கவில்லை. பேச்சு முடிந்ததும் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் எழுந்தார். குருதேவரின் இறுதி நோயின்போது சிகிச்சையளித்தவர் அவர். 1876-இல் விஞ்ஞான ஆராய்ச்சிக்கென ஒரு கழகத்தையே நிறுவியவர். மூடநம்பிக்கைகளை ஒழிக்க நாங்கள் பாடுபட்டுக்கொண்டிருக்க, அயல்நாட்டவர் வந்து அவற்றையே பரப்பலாமா என்று அவர் ஆட்சேபித்தார். அவையில் கூச்சல் எழுந்தது.

அந்தப் பெண்மணி சகோதரி நிவேதிதை. டாக்டரின் கேள்வியைச் சிறுமையாக எண்ணிவிடக் கூடாது. தந்தையான ஒரே கடவுளை மட்டுமே அறிந்த குடும்பத்தில் பிறந்தவர், எப்படி இந்தப் பயங்கர வடிவத்தின் முன் வந்து நின்றார்?

மார்கரெட் எலிசபெத் நோபிள் 1867 அக்டோபர் 28 அன்று வட அயர்லாந்தின் டங்கனன் நகரில் பிறந்தார். பாட்டனாரும் தந்தை சாமுவேலும் கிறிஸ்தவ போதகர்கள். மார்கரெட்டின் பத்தாம் வயதில், முப்பத்து நான்கே வயதான தந்தை காலமானார். பதினேழாம் வயதில் ஆசிரியப் பணி. பின்னர் லண்டனையடுத்த விம்பிள்டனில் சொந்தப் பள்ளி. பெஸ்டலாட்சி, ஃபிரோபெல் ஆகியோரின் புதிய கல்விமுறைகளில் தேர்ந்தார். ஆனால் பதினெட்டு வயதிலிருந்தே கிறிஸ்தவக் கோட்பாடுகள் சில உண்மைதானா என்ற ஐயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. புத்தரின் வாழ்க்கையைப் படித்தார், அமைதி கிட்டவில்லை. 1895 நவம்பரில் லண்டனில் ஒரு சீமாட்டியின் வீட்டு வரவேற்பறையில் சுவாமி விவேகானந்தரைக் கண்டார். கேட்டவற்றை அவர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பல மாதங்கள் வாதாடினார்.

அதே 1895-இல் அமெரிக்காவில் எலிசபெத் கேடி ஸ்டான்டன் என்ற எண்பது வயது மூதாட்டி 'பெண்களின் பைபிள்' என்ற நூலின் முதற்பகுதியை வெளியிட்டார். இறைவன் தன் சாயலில் ஆணும் பெண்ணுமாக மனிதரைப் படைத்தான் என்றால் இறைமையிலும் தாய்மை இருந்தாக வேண்டும் என்பது அவரது வாதம். மேலை நாடு அந்தத் தாயை நூலில் தேடத் தொடங்கிய நேரத்தில், மார்கரெட் அவளை நேரில் காணக் கப்பலேறினார் எனலாம்.

1898 ஜனவரி 28-இல் அவர் கல்கத்தா வந்து சேர்ந்தார். மார்ச் 17-இல் அன்னை ஸ்ரீசாரதாதேவியின் தரிசனம். ஆசாரம் மிகுந்த பிராமண விதவையான அன்னை, அந்நிய நாட்டுப் பெண்களைத் தம் மகள்களாக வரவேற்று அவர்களுடன் அமர்ந்து உணவும் உட்கொண்டார். அந்நாளைய கல்கத்தாவில் இது நினைத்தும் பார்க்க முடியாத செயல். மார்ச் 25-இல் சுவாமிஜி மார்கரெட்டுக்குப் பிரம்மசரிய தீட்சை அளித்து, அர்ப்பணிக்கப்பட்டவள் என்ற பொருளில் நிவேதிதை என்று பெயர் சூட்டினார். அன்னையோ அவரைச் சிறுமி என்று பொருள்படும் 'கூக்கி' என்ற சொல்லால் செல்லமாக அழைத்தார்.

ஆக, தாய்மையின் இனிய முகத்தை நிவேதிதை முதலில் கண்டது பாக்பஜாரில்தான். மற்றொரு முகத்தைக் காட்டியது காஷ்மீரம். அவ்வாண்டு செப்டம்பரில் ஸ்ரீநகரில் தங்கியிருந்தபோது சுவாமிஜியின் மனம் முழுவதும் அன்னை காளியே நிறைந்தாள். மரணமாகவும் அழிவாகவும் வரும் அவளைத் தழுவிக்கொள்வதைப் பற்றி ஓர் ஆங்கிலக் கவிதை எழுதி முடித்ததும் அவர் தரையில் சாய்ந்துவிட்டார். பிறகு க்ஷீர பவானி ஆலயத்திற்குத் தனியே சென்று திரும்பியவர், தாயின் மடிக்குழந்தையாகவே காணப்பட்டார். இந்த மாற்றத்தை அருகிலிருந்து கண்டவர் நிவேதிதை. காளியை ஏற்க மறுத்து ஆறு ஆண்டுகள் தாம் போராடியதையும் சுவாமிஜி அவரிடம் மறைக்கவில்லை. குருவே போராடி ஏற்ற தெய்வம் என்பது சீடருக்குத் தெம்பளித்திருக்கும் என்றே தோன்றுகிறது.

1898 நவம்பர் 13, காளி பூஜை நாளன்று, பாக்பஜார் போஸ்பாரா சந்தில் பெண் குழந்தைகளுக்கான பள்ளியை அன்னை ஸ்ரீசாரதாதேவி தொடங்கிவைத்து ஆசியளித்தார். மூன்று மாதங்களுக்குப் பின் நிகழ்ந்ததே நாம் முதலில் கண்ட ஆல்பர்ட் ஹால் சொற்பொழிவு. அதைத் தொடர்ந்து, காளிகாட் ஆலயத்திலேயே வந்து பேசுமாறு நிவேதிதைக்கு அழைப்பு வந்தது.

ஆனால் அந்தச் சொற்பொழிவுக்கு முன் கல்கத்தாவைப் பிளேக் நோய் தாக்கியது. மார்ச் இறுதியில் ராமகிருஷ்ண மிஷன் நிவாரணப் பணியில் இறங்கியது; அதற்குப் பொறுப்பேற்றவர்களுள் நிவேதிதை முதன்மையானவர். தெருவைத் தாமே பெருக்கினார். ஈரம் கசியும் ஒரு குடிசையில், பிளேக் கண்ட குழந்தையை மடியில் கிடத்தியபடி இரவும் பகலும் அவர் அமர்ந்திருந்ததை டாக்டர் ஆர்.ஜி. கர் நேரில் கண்டு பதிவு செய்துள்ளார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருந்தபோது ஏணி வைத்து அவரே அடித்தார். அவரைத் தன் தாயென்றே எண்ணியபடி அக்குழந்தை அவர் மடியிலேயே உயிர் நீத்தது.

இதற்குப் பின்னரே, மே 28-இல் அவர் காளிகாட்டில் பேசினார். அங்கே எவருக்கும் நாற்காலி கிடையாது, அனைவரும் காலணி நீக்கித் தரையில்தான் அமர வேண்டும் என்பது சுவாமிஜியின் ஏற்பாடு. உருவ வழிபாடு, காளியின் அச்சமூட்டும் தோற்றம், பலி ஆகியவை குறித்து முதற் சொற்பொழிவுக்குப் பின் எழுந்த ஆட்சேபங்களுக்கு அவர் அங்கு விடையளித்தார். பலியைப் பற்றிய அவரது விளக்கம் இன்றும் எல்லோரையும் நிறைவு செய்யாது. ஆயினும் அந்தப் பயங்கரத் தோற்றத்தைக் குறித்து அவர் மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேசவில்லை. அதை மென்மைப்படுத்தவும் முயலவில்லை. வாழ்வைத் தருபவள் தாய் என்றால் அதைத் திரும்பப் பெறுபவளும் அவளே என்பதில் உறுதியாக நின்றார். மடியில் ஒரு குழந்தையை இழந்து சில வாரங்களே ஆகியிருந்த ஒருவரின் உறுதி அது.

1900-இல் லண்டனில் 'காளி தி மதர்' என்ற அவரது சிறு நூல் வெளிவந்தது. ராம்பிரசாதரையும் குருதேவரையும் பற்றிய கட்டுரையோடு, மேலைநாட்டுக் குழந்தை ஒன்றுக்குக் காளியை அறிமுகம் செய்யும் கதையும் அதில் உண்டு. கண்ணை மூடிக் கண்ணாமூச்சி ஆடும் தாயாகக் காளி அதில் வருகிறாள். தத்துவ நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அந்த விளையாட்டு எளிதாகச் சொல்லிவிடுகிறது.

1902 ஜூலை 4-இல் சுவாமிஜி மகாசமாதியடைந்தார். நாட்டு விடுதலையில் ஈடுபட வேண்டி, அம்மாதமே நிவேதிதை மிஷனின் நிர்வாகத் தொடர்பிலிருந்து விலகினார். அன்னையிடமும் சகோதரத் துறவியரிடமும் கொண்ட அன்பு குறையவில்லை. நிதியின்றி நின்றுபோயிருந்த பள்ளி மீண்டும் இயங்கியது. நம் மகாகவி பாரதியார் 1908-இல் 'ஸ்வதேச கீதங்க'ளையும் 1909-இல் 'ஜன்ம பூமி'யையும் அவருக்கே காணிக்கையாக்கினார். சக்தியைப் பாடியவர், பெண் விடுதலையைப் பாடியவர், தம் குருவாக ஏற்றது இவரையே.

1970-களில் மேலைநாட்டுப் பெண் இறையியலாளர்கள் ஸ்டான்டனின் கேள்வியை மீண்டும் எழுப்பினர். 1973-இல் மேரி டேலி, தந்தையான கடவுள் என்ற கருத்தைக் கடந்து செல்லுமாறு எழுதினார். 1978-இல் கேரல் கிறிஸ்ட், பெண்களுக்குத் தேவி ஏன் தேவை என்று விளக்கினார். அவ்வியக்கத்தினர் சிலர் காளியையும் தம் சின்னமாக்கிக்கொண்டனர். பெண்ணின் ஆற்றலுக்கு அவள் சின்னமாவது இயல்பே. ஆனால் நிவேதிதைக்கு அவள் சின்னம் மட்டுமல்லள். தன்னையே கொடுத்துத் தொழ வேண்டிய உண்மை. இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிட்டால் அவரைப் பாதியே அறிந்தவர்களாவோம்.

1910 டிசம்பரில் நோயுற்ற தோழி சாரா புல்லுக்காக அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரத் தேவாலயத்தில் பிரார்த்திக்கச் சென்றார் நிவேதிதை. சுற்றிலும் எல்லோரும் இயேசுவின் தாயான மரியன்னையை நினைத்திருக்க, அவர் உள்ளத்தில் எழுந்ததோ பாக்பஜாரில் இருந்த அன்னையின் முகம். அன்றே அதைக் கடிதமாக எழுதி அன்னைக்கு அனுப்பினார். பத்து மாதங்களுக்குப் பின், 1911 அக்டோபர் 13-இல், நாற்பத்து நான்கு வயது நிறையுமுன் டார்ஜிலிங்கில் உடல் நீத்தார்.

நிவேதிதை ஒருமுறை அன்னைக்குப் போர்வை ஒன்று அளித்திருந்தார். நாளடைவில் அது நைந்து கிழிந்தது. எறிந்துவிடலாமே என்று உடனிருந்தவர் சொன்னபோது அன்னை இணங்கவில்லை. பூச்சி அரிக்காமலிருக்க, மடிப்புகளுக்கிடையே கருஞ்சீரகம் தூவி அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்.