ஜாருக்கு ஒன்று, சுல்தானுக்கு ஒன்று: தங்கத் துப்பாக்கி பரிசளித்தே வியாபாரம் பிடித்த சாமுவேல் கோல்ட்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தங்கம் பதித்த ரிவால்வர் ஒன்று இருக்கிறது. துருக்கி சுல்தான் அப்துல் மஜீதுக்குப் போன பரிசு அது. ரஷ்ய ஜார் முதலாம் நிக்கோலஸுக்கும் அப்படிப்பட்ட பரிசு போனது. கிரிமியப் போரில் இந்த இருவரும் எதிரெதிர் அணி. ஆனா, கொடுத்த கை ஒன்றுதான்.

அந்தக் கை சாமுவேல் கோல்ட்டுடையது. 1814-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தவர். 16 வயதில் கொல்கத்தா வந்த கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பயணத்தில்தான் சுழலும் துப்பாக்கிக்கு மரத்தில் மாதிரி செதுக்கினாராம். அதை இரும்பில் செய்ய காசு வேண்டுமே? 'டாக்டர்' என்று போட்டுக்கொண்டு, ஊர் ஊராகச் சிரிப்பூட்டும் வாயுவை வைத்து ஷோ நடத்தினார்!

1836-ல் காப்புரிமை கிடைத்தது. ஆனா, முதல் கம்பெனி 1842-ல் மூடப்பட்டது. மெக்சிகோ போருக்காக ராணுவம் 1,000 துப்பாக்கி கேட்டபோது அவரிடம் தொழிற்சாலையே இல்லை. வேறொருவர் ஆலையில் செய்து கொடுத்துத்தான் மீண்டு வந்தார்.

சிப்பாய்க்குப் போன துப்பாக்கி பார்க்கவே எளிமையானது. எண்ணெய் பூசிய வால்நட் மரக் கைப்பிடி, நீலம் ஏற்றிய குழல். நடுச்சட்டத்தை எலும்புக்கரி, தோல்கரியில் புதைத்துச் சூடாக்கித் தண்ணீரில் போடுவார்கள். இரும்பின் மேல்பரப்பு கடினமாகும், கூடவே நீலமும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக நிறம் வரும். குண்டு போடும் உருளையில் போர்க் காட்சி ஒன்று பதித்திருக்கும்.

பெரிய மனிதர்களுக்குப் போனது வேறு ரகம். செதுக்கு வேலை, தங்கம், சிலவற்றில் தந்தக் கைப்பிடி, அழகான பெட்டி. இதைப் பரிசு என்பதா, லஞ்சம் என்பதா? காப்புரிமையை நீட்டிக்க எம்.பி.க்களை இப்படிக் 'கவனித்த' புகாரை 1854-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே விசாரித்தது. நீட்டிப்பு கிடைக்கவில்லை, 1857-ல் காப்புரிமை காலாவதியானது. அதற்குள் அவர் பெரும் பணக்காரர். உள்நாட்டுப் போர் வெடிக்கும் தறுவாயிலும் தென் மாநிலங்களுக்குச் சரக்கு அனுப்பி, வடக்கத்திப் பத்திரிகைகளிடம் திட்டு வாங்கினார்.

1862 ஜனவரியில், 47 வயதில் இறந்தார். அவர் சேர்த்த துப்பாக்கிகளை மனைவி எலிசபெத் ஹார்ட்ஃபோர்டில் உள்ள வாட்ஸ்வொர்த் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்தார்.

சிப்பாய்களின் துப்பாக்கிகள் உறையில் உரசி உரசி நீலம் போய், சாம்பல் நிறமாகிவிட்டன. பழைய நீலமும் திட்டு நிறமும் கலையாமல் கிடைத்தால்தான் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள். பளபளக்கட்டும் என்று புதிதாக நீலம் ஏற்றினால், விலை சரிந்துவிடும்.